தைத்த கைகளை மறக்கலாமா?

பலமனேரில் கடல் இல்லை. பிழைப்புக்கு ஊர் விட்டு வந்த நமக்குக் கப்பலைப் பற்றி என்ன கவலை என்று தோழர்கள் கேட்கலாம். கவலை உண்டு.

அஜந்தா குகையில் 5-ஆம் நூற்றாண்டுக் கப்பல் ஓவியம் ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்தே கோவாவில் ஒரு பாய்மரக் கப்பல் கட்டினார்கள். பலகைகளை ஆணி அடித்துச் சேர்க்கவில்லை. தென்னை நார்க் கயிற்றால் தைத்தார்கள். சென்னை ஐ.ஐ.டி. மாதிரி செய்து நீரில் சோதித்தது. தைத்தவர்கள் கேரளத்துத் தச்சர் பாபு சங்கரனும் அவருடைய ஆட்களும். 2025 மே 21-இல் கார்வாரில் கடற்படை அதை ஏற்றுக்கொண்டு, பழங்காலத்தில் கடல் கடந்து போனதாகச் சொல்லப்படும் கௌண்டின்யன் பெயரைச் சூட்டியது. டிசம்பர் 29-இல் போர்பந்தரில் புறப்பட்ட கப்பல் 2026 ஜனவரி 14-இல் மஸ்கட் சேர்ந்தது.

மகிழ்கிறோம். ஆனால் 1980-இலேயே ஓமானில் 'சோஹார்' என்ற கப்பலை இப்படித் தைத்தார்கள். அது சீனம் வரை ஓடியது. தைப்பதற்கு லட்சத்தீவிலிருந்து ஆட்கள் போனார்கள். உலகம் அறிந்ததோ தலைமை தாங்கிய டிம் செவரின் பெயரைத்தான்.

இந்த வித்தை தகப்பன் கையிலிருந்து மகன் கைக்கு வருவது. கூலி கட்டுபடியாகாவிட்டால் மகனும் நம்மைப் போல மூட்டை கட்டுவான். வித்தை அத்தோடு போகும். எனவே விழா மட்டும் போதாது. தச்சருக்குத் தொடர்ந்து வேலை, நியாயமான கூலி, கற்கும் பையனுக்கு உதவித்தொகை, கப்பலிலேயே தைத்தவர் பெயர்ப்பலகை: இவற்றை நாம் கேட்போம்.