டொமைன் பெயர்: சொந்தமல்ல, குத்தகை!

2019-ல் வாய்ஸ் டாட் காம் என்ற ஒரே ஒரு இணைய முகவரி 3 கோடி டாலருக்குக் கைமாறியது. இதைக் கேள்விப்பட்டு, நாமும் நாலு பெயரைப் பதிவு செய்து வைத்து விற்கலாமே என்று பலர் கிளம்புகிறார்கள். வேண்டாம் என்பதே என் கருத்து.

டொமைன் பெயர் நமக்குச் சொந்தமாவதில்லை. வருடக் கட்டணத்துக்குக் குத்தகை எடுக்கிறோம், அவ்வளவுதான். டாட் காம் பெயரை ஒரே சமயத்தில் அதிகபட்சம் 10 வருடங்களுக்குத்தான் பதிவு செய்ய முடியும். விற்காத பெயர் வருடா வருடம் பணம் தின்னும். பிரபல நிறுவனத்தின் பெயரை முடக்கி வைத்துப் பேரம் பேசினாலோ, ஐகேன் அமைப்பு 1999-ல் கொண்டுவந்த விதிகளின்படி அது பறிபோகலாம். பொதுவான சொற்களை வாங்கி விற்பது வியாபாரம்; அடுத்தவர் பெயரைப் பிடித்து வைப்பது வியாபாரமல்ல.

குத்தகை என்பதை மறந்தால், இருக்கும் பெயரும் போய்விடும். சித்தப்பாவின் கடைக்கு நான்தான் பெயர் பதிவு செய்து கொடுத்தேன், என் கல்லூரி இமெயில் முகவரியைக் கொடுத்து. படிப்பு முடிந்ததும் அந்த முகவரி நின்றுபோனது. புதுப்பிக்கச் சொல்லும் மெயில்கள் என் கண்ணில் படவே இல்லை. காலாவதியான பெயரை யாரோ எடுத்துக்கொண்டு பல மடங்கு விலை சொன்னார். போர்டு, பில் புக் எல்லாவற்றிலும் அந்த முகவரிதான். சித்தப்பா என்னைத் திட்டவில்லை. அத்தனையையும் மாற்றி அச்சடித்தார்.

டாட் காம் பெயர் நீக்கப்பட்டாலும், கூடுதல் கட்டணம் கட்டி மீட்க 30 நாள் அவகாசம் உண்டு. எனக்குத் தெரிந்தபோது அதுவும் முடிந்திருந்தது.

எனவே நண்பர்களே, விற்பதற்காகப் பத்துப் பெயர் வாங்காதீர்கள். உங்கள் ஒரு பெயரை, நீங்கள் தினமும் பார்க்கும் இமெயிலில் பதிவு செய்யுங்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதியை இன்றே ஆன் செய்துவிடுங்கள்.