கசிவும் காரணமும்

ஒரு காலத்தில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார்களை உற்பத்தி செய்த வண்டலூருக்குச் சற்றுத் தெற்கே, பொத்தேரியில், ஜி.எஸ்.டி. சாலையோரமாக பானெட்டைத் திறந்துவைத்து, ஆவி பறக்கும் ரேடியேட்டரைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற பழைய கார்க்காரர்களைக் காணும்போதெல்லாம், அவர்களுடைய துன்பத்தில் பாதி அவசரத்தால் விளைவதே என்பது என் அபிப்பிராயம்.

எடுத்துக்காட்டாக, வால்வு மூடியின் கேஸ்கட்டில் கசியும் எண்ணெய் பின்புறமாக வழிந்து அடியில் சொட்டுவதைக் கண்டு, எஞ்சினையே இறக்கச் சொல்லும் பட்டறைகள் உண்டு. எஞ்சினைக் கழுவித் துடைத்து, சிறிது தூரம் ஓட்டி, கசிவு பிறக்கும் இடத்தைக் கண்ணால் காண்பதே சிகிச்சையின் முதற்படி.

ஹெட் கேஸ்கட் பழுதோ வேறு விதம். வெளியே ஒரு சொட்டும் தெரியாமலே தண்ணீர் குறையும். எண்ணெய் மூடியைத் திறந்தால் உட்புறம் பாலேடுபோல் வெளுத்த படலம் தென்படும். எஞ்சின் சூடேறிய பின்பும் வெண்புகை ஓயாது. இவை சேர்ந்து வந்தால் பெரும்பாலும் சந்தேகத்துக்கு இடமில்லை. அப்போது ரேடியேட்டரில் கசிவடைக்கும் திரவத்தை ஊற்றுவது வியாதியை மறைக்குமே தவிர நீக்காது. ஹெட்டைக் கழற்றி, அதன்மேல் நேர்ச்சட்டம் வைத்து, இடைவெளியில் ஃபீலர் கேஜைச் செருகிப் பார்த்து, வளைந்திருந்தால் லேத்துப் பட்டறையில் சமன்செய்து, போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாகப் படிப்படியாக டார்க் ரெஞ்சால் முறுக்குவதே முறை.

ஆகவே, வாசகர்களே, "ஹெட்டை அளந்து பார்த்தீர்களா?" என்று மெக்கானிக்கைக் கேளுங்கள், பதில் வந்த பிறகே புதிய கேஸ்கட்டுக்குக் காசு கொடுங்கள்.