பார்மட் என்னும் சர்வரோக நிவாரணி

பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, ஆனால் திரை கறுப்பாகவே நிற்கிறது. அல்லது விண்டோஸ் லோகோ வரை வந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. உடனே தெருமுனைக் கடைக்குப் போன் போகிறது. வந்தவர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொல்கிறார்: "பார்மட் பண்ணிடலாம் சார், புதுசா ஓ.எஸ். போட்டா பறக்கும்!"

காய்ச்சலுக்கும் அதே ஊசி, கால் சுளுக்குக்கும் அதே ஊசி. இதற்குப் பெயர் வைத்தியமா?

கம்ப்யூட்டர் கிளம்புவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் எஸ்.எம்.பி.எஸ். ஒழுங்காக மின்சாரம் தர வேண்டும். அடுத்து மதர்போர்டில் இருக்கும் பயாஸ், ராம் முதலானவற்றைச் சோதிக்கும். அதில் தேறிய பிறகுதான் டிஸ்க்கைத் தேடிப் போய் விண்டோஸை எழுப்பும். எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். மதர்போர்டு கம்பெனியின் லோகோகூட வரவில்லை என்றால் விண்டோஸ் இன்னும் ஆட்டத்துக்கே வரவில்லை என்று அர்த்தம். மைதானத்துக்கே வராதவனை அவுட் ஆக்கி என்ன பயன்?

ராமைக் கழற்றி, அதன் தங்கநிற முனைகளை ரப்பரால் மெதுவாகத் துடைத்து, மறுபடி அழுத்தி மாட்டினால் எழுந்து உட்காரும் கம்ப்யூட்டர்கள் எத்தனையோ! பீப் சத்தம்கூட ஒரு பாஷைதான். எத்தனை முறை, எவ்வளவு நீளம் என்று எண்ணி அந்த பயாஸின் பட்டியலில் பார்த்தால் கோளாறு எங்கே என்று தெரியும். தினமும் தேதி பல வருடம் பின்னால் போகிறதா? மதர்போர்டில் இருக்கும் 3 வோல்ட் பட்டன் செல்லை மாற்றினால் பெரும்பாலும் தீர்ந்தது. எக்ஸ்.பி. காலத்தில் டிரைவில் மறந்துபோய் விட்ட ஃப்ளாப்பி ஒன்றே 'என்.டி.எல்.டி.ஆர். இஸ் மிஸ்ஸிங்' என்று மிரட்டப் போதுமானதாக இருந்தது. அதை வெளியே இழுப்பதுதான் சிகிச்சை!

சரி, கோளாறு விண்டோஸில்தான் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் பார்மட்தான் வழியா? 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் அனுப்பிய ஒரு தவறான அப்டேட்டால், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அதற்குச் சொல்லப்பட்ட வைத்தியம் என்ன? சேஃப் மோடில் நுழைந்து, அந்தக் குறிப்பிட்ட ஃபைலை மட்டும் அழிப்பது. அவ்வளவுதான்!

இதில் கொடுமை, அழிந்து போவது விண்டோஸ் மட்டுமல்ல. டெஸ்க்டாப்பில் கிடக்கும் கல்யாண ஆல்பமும், இறந்துபோன தாத்தாவின் குரலும், நாளை மறுநாள் கொடுக்க வேண்டிய பிராஜெக்டும் சேர்ந்தே போகின்றன. பழைய ஹார்ட் டிஸ்க்கில் குவிக் பார்மட் செய்தாலும், மேலே புதிதாக எழுதாதவரை மீட்க ஓரளவு வாய்ப்பு இருந்தது. இன்றைய எஸ்.எஸ்.டி.யில் 'ட்ரிம்' என்ற வசதி அந்த வாய்ப்பையும் பெரும்பாலும் துடைத்துவிடுகிறது. பார்மட் அன்றைக்கு ஆபத்து என்றால் இன்றைக்குப் பேராபத்து.

பழி முழுவதும் மெக்கானிக் தலையில்தானா? இல்லை. பார்மட்டுக்கு ஒரு ரேட் உண்டு. யோசித்துக் கண்டுபிடிப்பதற்கு ரேட் கிடையாது. ராமைத் துடைத்துக் கொடுத்தவரிடம், "இதுக்கா இவ்வளவு காசு?" என்று சண்டை போடுபவர், எல்லாவற்றையும் அழித்தவருக்கு மறுபேச்சில்லாமல் கொடுக்கிறார். அப்புறம் அந்த மனிதர் எதைச் செய்வார்?

பார்மட்டே கூடாது என்பதல்ல வாதம். வைரஸ் ஊறிப்போன மெஷினுக்கு அதுதான் நல்ல முடிவாக இருக்கும். ஆனால் அது கடைசிப் படி. அதற்கு முன்னால் உபுண்டு போட்ட ஒரு பென் டிரைவில் பூட் செய்து, ஃபைல்களை வேறு டிஸ்க்குக்கு நகல் எடுக்க முடியும். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீ வேண்டும். அதை இன்றே எழுதி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

வீட்டுக்காரர் கேட்க வேண்டியது மூன்றே கேள்வி: எந்தப் படியில் நிற்கிறது? ஃபைல்களை எடுத்தாச்சா? பார்மட்டுக்கு முன்னால் வேறு என்னவெல்லாம் செய்து பார்த்தீர்கள்? மூன்றுக்கும் பதில் வரும்வரை அந்த சி.டி.யையோ பென் டிரைவையோ உள்ளே விடக்கூடாது. பதில் சொல்பவருக்குக் கேட்ட காசைத் தயங்காமல் கொடுக்க வேண்டும். அது அழித்ததற்கான கூலி அல்ல, காப்பாற்றியதற்கான கூலி.