வினாக்கொத்தோடு வரும் பிள்ளைகள்



தவணை முடிகிற நேரம் பார்த்துத்தான் பல்கலைக்கழகப் பிள்ளைகள் வினாக்கொத்தோடு பாடசாலைக்கு வருவார்கள். இறுதி வருட ஆய்வுக்குத் தகவல் வேண்டுமாம். நாமோ புள்ளி பதிகிற அவசரத்தில், கேள்வியை வாசிக்காமலே நடுக் கட்டங்களில் அடையாளம் போட்டுக் கொடுத்து விடுகிறோம். பிறகு, "இந்தக் காலத்துப் பிள்ளைகளின் ஆய்வெல்லாம் வெட்டி ஒட்டுவதுதான்" என்று பேசுவதும் நாம்தான்.

வெட்டி ஒட்டுவது நடக்கிறது, மறுப்பதற்கில்லை. மேற்பார்வையாளருக்கு நேரமில்லை, தமிழில் நூல்கள் குறைவு, பரீட்சையும் பக்கத்தில் நிற்கும்.

ஆனாலும் அந்த ஆய்வு வேண்டும். கல்வியியற் கல்லூரியில் செயல்நிலை ஆய்வு செய்தபோது நமக்கும் அது தலையிடியாகத்தான் இருந்தது. வாசிக்கத் தடுமாறிய ஐந்து பிள்ளைகளை வாரக்கணக்கில் கவனித்தோம். சோம்பேறி என்று நினைத்திருந்த பிள்ளைக்குக் கரும்பலகையே சரியாகத் தெரிவதில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. அதை எந்தப் புத்தகமும் நமக்குச் சொல்லியிருக்காது.

இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் பற்றிப் பேராசிரியர் ம.மு. உவைஸ் எழுதி 1953இல் நூலாக வந்த ஆய்வும் முதுமாணிப் பட்டத்துக்காகச் செய்ததுதான். அவரும் அப்போது ஒரு மாணவர்.

ஹதீஸைக்கூட ஸனத் பார்த்து ஏற்கிற சமூகம் நாம். நம்மிடம் கேட்கப்படும் தகவலும் ஓர் அமானிதம். அடுத்த முறை ஒரு பிள்ளை வினாக்கொத்தோடு வந்தால் பத்து நிமிஷம் ஒதுக்குவோம். தெரியாததற்குத் தெரியாது என்றே எழுதிக் கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்.