பேயும் அல்ல, கோழைத்தனமும் அல்ல, வியாதி!

சாக்கோட்டை வட்டாரத்தின் உழைப்பாளி மக்களிடையே ஒரு வியாதி பெயரில்லாமல் உலவுகிறது. இரவு ஷிப்டு முடித்து வரும் மில் தொழிலாளிக்குத் திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, மூச்சு முட்டுகிறது, “இதோ செத்தேன்” என்று தோன்றுகிறது. கண்மாய்த் தண்ணீரை நம்பிக் கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்கு மாதக் கணக்கில் தூக்கமில்லை. நாளை என்ன ஆகுமோ என்ற நினைப்பு விடுவதில்லை.

இவர்களுக்குக் கிடைக்கும் பதில் என்ன? “வேலைக் கள்ளம்!” என்கிறான் மேஸ்திரி. “காத்துக் கருப்பு அண்டிவிட்டது, கோடாங்கியைக் கூப்பிடு!” என்கிறார்கள் உறவினர்கள். “இதெல்லாம் பணக்காரர் வியாதி” என்கிறார் படித்த கனவான்.

மூன்றும் பொய்!

உண்மை என்ன?

வரப்பில் பாம்பைக் கண்டால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அட்ரினலின் என்னும் சுரப்பு இரத்தத்தில் பாய்ந்து, ஓடுவதற்கு உடம்பைத் தயார் செய்கிறது. இது உயிரைக் காக்கும் ஏற்பாடு. பாம்பே இல்லாத இடத்திலும் இந்த மணி ஓயாமல் அடித்தால் அதுவே வியாதி. பதற்ற நோய் என்பது அதன் பெயர். 2019-ல் உலகில் சுமார் 30 கோடிப் பேருக்கு இது இருந்தது என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. இத்தனை பேரும் கோழைகளா?

கடனும் நிச்சயமில்லாத வேலையும் இந்த வியாதியை வளர்க்கும் உரங்கள். வட்டிக்காரன் வாசலில் நிற்க, நாளை வேலை உண்டா என்று தெரியாமல் படுப்பவனுக்குப் பதற்றம் வராமல் யாருக்கு வரும்?

வைத்தியம் உண்டு

நெஞ்சு வலித்தால் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய் இருதயத்தைச் சோதிக்க வேண்டும். இரத்தசோகை, தைராய்டு கோளாறு ஆகியவையும் படபடப்பைத் தரும். அவை இல்லையென்றால் மனநல வைத்தியம் தேவை. அது இருவகை. ஒன்று, பேசிப் புரியவைத்து, அஞ்சியதைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ளப் பழக்கும் சிகிச்சை. மற்றொன்று, செர்ட்ராலின் போன்ற மாத்திரை. அது பலன் தரச் சில வாரங்கள் ஆகும். குணம் தெரிந்ததும் தானாக நிறுத்தக் கூடாது. ஆனால் டாக்டர் சீட்டு இல்லாமல் அல்பிரசோலம் வாங்கி விழுங்குவது ஆபத்து, அது அடிமையாக்கும். சாராயமும் அப்படியே. போதை இறங்கியதும் பயம் இரட்டிப்பாகத் திரும்பும்!

நம் தோழர்களிலும் சிலர் சொல்கிறார்கள்: “கூலி உயரட்டும், சுரண்டல் ஒழியட்டும், பயம் தானே போகும்.” தோழர்களே! மலேரியாவைப் பரப்புவது தேங்கிய தண்ணீரில் வளரும் கொசு. அதற்காக, குட்டையை மூடும்வரை காய்ச்சல்காரனை மருந்தில்லாமல் கிடத்துவோமா? குட்டையையும் மூட வேண்டும். மருந்தும் இன்றே கொடுக்க வேண்டும்.

ஏர்வாடியை மறக்காதீர்!

வியாதியை வியாதி என்று ஒப்பாவிட்டால் என்ன நடக்கும்? நம் பக்கத்து ராமநாதபுரம் மாவட்டம் கண்டது. 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் தனியார் மனநோயாளி விடுதி ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள்! பதற்ற நோயைவிடக் கடுமையான மனநோய்கள் அவர்களுடையவை. ஆயினும் வைத்தியம் எட்டாத குடும்பத்தின் கையறுநிலை ஒன்றே. தர்காவுக்குப் போவதோ கோயிலுக்குப் போவதோ குற்றமல்ல. சங்கிலி குற்றம்! வைத்தியத்தை மறுப்பது குற்றம்!

2017-ல் நிறைவேறி 2018-ல் அமலுக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்தது; சர்க்கார் நடத்தும் மனநல சிகிச்சையை ஒவ்வொருவரின் உரிமையாக்கியது. ஏட்டில் உரிமை, நாட்டில் நிலைமை? 2015–16 தேசிய மனநல ஆய்வின்படி, வியாதிக்கு வியாதி வேறுபட்டாலும், நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சை பெறவில்லை. சாராயக் கடை நடத்த முடிந்த சர்க்காருக்கு மனநல டாக்டரை ஊருக்கு அனுப்ப முடியாதா?

ஈ.எஸ்.ஐ.யில் சேர்ந்த மில் தொழிலாளி டாக்டர் சான்றின் பேரில், 70 விழுக்காடு கூலியுடன் ஆண்டுக்கு 91 நாள் வரை நோய்க்கால உதவி பெறலாம். விவசாயத் தொழிலாளிக்கு அதுவும் இல்லை!

நமது கோரிக்கைகள்

சாக்கோட்டை ஒன்றியத்தின் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் மனநல டாக்டர் வாரந்தோறும் வர வேண்டும். மாத்திரை தடையின்றி இலவசமாகக் கிடைக்க வேண்டும். விவசாயத் தொழிலாளிக்கும் நோய்க்காலக் கூலி வேண்டும். கடன் வசூல் மிரட்டலுக்கு முடிவு கட்ட வேண்டும்.

கோரிக்கை வெல்லும்வரை காத்திருக்கவும் வேண்டாம். 14416 என்ற இலவச எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். சங்கக் கூட்டத்தில் கூலியைப் பேசுவதுபோல இதையும் பேசுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் பயத்தில் ஒடுங்கினால் ஏளனம் செய்யாதீர்கள். ஆஸ்பத்திரிக்குத் துணையாகப் போங்கள்.

தனியாக இருப்பவனைத்தான் பயம் தின்னும். ஒன்று சேருவோம்!