குறையைக் குறையென ஏற்கும் துணிவு

'உன்னை நீயே ஏற்றுக்கொள்' என்னும் உபதேசம் இன்று மலிந்துவிட்டது. அதனை வழங்குவோர் பெரும்பாலும் உடற்குறை அற்றோர்; கேட்போர் குறையுற்றோர். இவ்வுபதேசத்தின் பெறுமதியை உரைத்துப் பார்ப்பதற்கு முல்லைத்தீவு தக்கதோர் உரைகல்லாகும். 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் முடிவுற்ற போர், அம்மாவட்டத்தின் வயலிலும் கடலிலும் உழைத்த மக்கள் பலரைக் கையோ காலோ கண்ணோ இழந்தவராக விட்டுச் சென்றது.

இவர்களைத் தமிழ்ச் சமூகம் இரு வகையாகவே நோக்கி வருகின்றது. ஒன்று இரக்கம், மற்றையது வியப்பு. இரக்கம் அவர்களை வாசலில் நிறுத்துகின்றது. வியப்பு மேடையில் ஏற்றுகின்றது. வீட்டினுள் சமமாக அமரவைப்பதற்கு இவ்விரண்டும் உதவுவதில்லை.

2010ஆம் ஆண்டில் தமிழக அரசு 'ஊனமுற்றோர்' என்ற சொல்லை விலக்கி, 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லை ஏற்றது. அச்சொல் இலங்கையிலும் பரவியுள்ளது. இழிவு தொனிக்கும் சொல் நீங்கியமை நன்றே. ஆயினும், அந்த மாற்றுத்திறன் யாது? காலை இழந்த உழவருக்கு அதற்கு ஈடாக வேறொரு திறனை இயற்கை வழங்கிவிடவில்லை. கையை இழந்த பெண் இன்னும் சோறு சமைக்கவேண்டும், பிள்ளையைக் குளிப்பாட்டவேண்டும். இழந்தது இழந்ததே. அதனை மறைக்கும் சொல், இழப்பை எண்ணி நோகும் உரிமையையும் அவரிடமிருந்து பறித்துவிடுகின்றது. பதக்கம் பெற்றாலன்றி, வாயினால் ஓவியம் வரைந்தாலன்றி அவருக்கு மதிப்பில்லை எனின், அஃது ஏற்பு ஆகாது. முழு உடலினருக்கு என்றுமே வைக்கப்படாத பரீட்சையாகும்.

குறையை ஒப்புக்கொள்வது சோம்பலை வளர்க்கும் என வாதிப்போர் உளர். தமிழிலக்கிய மரபு பேணிவரும் இரட்டைப்புலவர் கதை அவர்களுக்கு விடை கூறும். ஒருவர் பார்வையற்றவர், மற்றவர் நடக்க இயலாதவர். பார்வையற்றவர் தோளில் அமர்ந்து நடக்க இயலாதவர் வழி காட்டினார். ஒருவர் தொடங்கிய வெண்பாவை மற்றவர் முடித்தார். தமக்குக் குறையில்லையென இருவரும் நடித்திருப்பின், பயணமும் இல்லை, பாட்டும் இல்லை. தன் குறையை அறிந்தவரே எவ்விடத்தில் எத்துணை வேண்டுமென்று அறிவார். துணை நாடுதல் இழிவன்று.

நாடப்படும் துணையை அளிக்கும் கடமை சமூகத்திற்கு உண்டு. இலங்கையில் 1988ஆம் ஆண்டின் அரசாங்கச் சுற்றறிக்கை தகைமையுடைய வலுவிழந்தோருக்கு வேலை வெற்றிடங்களில் 3 வீதத்தை ஒதுக்கியது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வேலையிலும் கல்வியிலும் பாரபட்சத்தை விலக்கியது. 2006ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் பொதுக் கட்டடங்கள் அனைவரும் அணுகத்தக்கனவாக அமைதல் வேண்டுமெனப் பணித்தன. 2016இல் ஐக்கிய நாடுகள் சமவாயமும் ஏற்று உறுதிப்படுத்தப்பட்டது. ஏட்டிலே குறைவில்லை. ஆயினும், ஏடு படிக்கட்டைச் சாய்தளமாக்குவதில்லை. சக்கர நாற்காலியில் வந்தவரைப் படியின் கீழ் நிறுத்திவிட்டு, மேற்படியில் நின்று தன்னம்பிக்கையைப் போதிப்பது அறமாகாது.

கற்றோர் கூடும் பல்கலைக்கழகங்களுக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. முல்லைத்தீவிலிருந்து ஊன்றுகோலுடன் வரும் மாணவர், விரிவுரையைக் கீழ்த்தளத்திற்கு மாற்றுமாறு நாணமின்றிக் கேட்கும்போது தம்மை ஏற்றுக்கொண்டவராகின்றார். அவருக்கு ஊக்கவுரை தேவையில்லை. விரிவுரை கீழ்த்தளத்திற்கு மாற்றப்படுதலே தேவை.