வானக் காவலில் நமக்கும் ஒரு யாமம்

1871ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் முழுச் சூரியகிரகணம் நிகழ்ந்தபொழுது, அதனைக் காண இங்கிலாந்திலிருந்து அறிஞர் குழுவொன்று கப்பலேறி வந்தது. அக்குழுவினருள் மோஸ்லி என்பார் நம் திருகோணமலையில் நின்று ஞாயிற்றின் புறவொளியை ஆராய்ந்தார். கிரகணம் நாள் குறித்து வருவது. முன்னரே வந்து காத்திருத்தல் கூடும். நாள் குறியாது தோன்றி, காண்பதற்குள் மறையும் ஒளிகளை என் செய்வது?

நம் பால்வீதிக்கு அப்பாலும் இத்தகைய ஒளிகள் எழுந்தடங்குகின்றன. 2008 மார்ச் 19இல் சுவாதி மீன் உறையும் மண்டலத்தில் ஒன்று எழுந்தது. பெருவிண்மீனொன்று மடிந்தபோது பிறந்த அவ்வொளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 750 கோடி ஆண்டுகள் சென்றன. அது புறப்பட்ட காலத்தில் நம் ஞாயிறே பிறந்திலது. அத்துணைத் தொலைவினின்று வந்தும், அரை நிமிட அளவு வெறுங்கண்ணுக்கும் புலப்படுமாறு பொலிந்தது. சிலி நாட்டு மலைகளில் விழித்திருந்த தானியங்கிக் கமராக்கள் அதனைப் பதிந்துகொண்டன. நமக்கோ அப்பொழுது முற்பகல் 11.42, கோணேசர் சந்நிதியில் உச்சிக்காலப் பூசை நெருங்கும் வேளை. அவ்வான்பகுதியும் நம் அடிவானத்தின்கீழ்க் கிடந்தது.

ஆதலின் இத்தேடல் ஓரிடத்திலிருந்து முற்றுவதன்று. துறைமுகக் காவலர் யாமந்தோறும் முறைமாறுதல்போல, ஓரிடத்தில் விடியும்போது மற்றோரிடம் கண்விழித்தல் வேண்டும். கலிபோர்ணியாவின் பாலோமர் மலையில், மராட்டிய நாட்டில் பிறந்த சிறீநிவாஸ் குல்கர்ணி முன்னின்று அமைத்த தேடல் 2018இல் தொடங்கிற்று. அங்குள்ள கமரா 200க்கு மேற்பட்ட முழுமதிகள் கொள்ளும் வான்பரப்பை ஒரே படத்துள் அடக்கும். புதிய படத்தினின்று பழைய படத்தைக் கழித்தால் எஞ்சுவதே புதுவரவு. லடாக்கின் ஹன்லேயில், 4,500 மீற்றர் உயரத்தில், 70 சென்ரிமீற்றர் ஆடி கொண்ட தானியங்கித் தொலைநோக்கியொன்றும் அவ்வாண்டிலேயே கண்திறந்தது.

எஞ்சுவதிலும் பதர் உண்டு. 2017இல் ஹவாயிற் பதிவான ஒளிக்கீற்றொன்று மிகச் சேய்மையிலுள்ள விண்மீன் மண்டலத்தது என 2020இல் அறிவித்தனர். மறு ஆண்டே, அது பூமியைச் சுற்றும் ரொக்கெற் சிதைவின் மினுக்கமாதல் வேண்டுமெனப் பிறர் எடுத்துக்காட்டினர். அதே நொடியில் வேறோரிடத்துக் கண்ணும் அங்கே நோக்கியிருப்பின் வழக்கு அன்றே தீர்ந்திருக்கும்.

இதில் நமக்கென்ன இடம் எனின், கூறுவோம். ஹன்லே ஏறத்தாழ 79 பாகை நெடுங்கோட்டிலும் திருகோணமலை 81 பாகையிலும் உள்ளன. இரண்டிற்கும் இரவு ஏறக்குறைய ஒருங்கே வருகின்றது. தென்மேற்குப் பருவக்காற்று வீசுங்கால் இந்திய நிலையங்கள் பல மேகத்துள் மூழ்கும். நமக்கோ மலைநாடு அம்மழையைத் தடுத்துக்கொள்வதால் மே முதல் செப்டெம்பர் வரை வறண்ட காலம். அன்றியும், வடக்கே ஒதுங்கிய ஹன்லேக்குப் புலனாகாத தென்வானத்தின் பெரும்பகுதி நமக்குத் தோன்றும். 2025இல் முதற்படங்களை வெளியிட்ட சிலியின் ரூபின் ஆய்வுக்கூடம் துருவுவதும் அத்தென்வானத்தையே. அதற்கும் நமக்கும் பத்து மணிநேர வேறுபாடு. அங்கு விடிந்தபின் நாம் தொடரலாம்.

கடற்காற்றின் ஈரமும் துறைமுக விளக்கொளியும் இடையூறே; மறுக்கின்றிலம். ஆயினும் கந்தளாய்ப் புறத்தே உள்ளொதுங்கின் அவை குறையும். 1996இல் யப்பான் நல்கிய 45 சென்ரிமீற்றர் தொலைநோக்கியை மொறட்டுவையில் நிறுவினர். கொழும்பின் விளக்கொளி படர்வதும், அப்பருவமழை கொட்டுவதும் அப்பக்கமே! கற்பித்தற்கு அது நன்று, காவலுக்கு ஆகாது.

அடுத்ததொரு தொலைநோக்கி, சிறியதாயினும், கீழ்மாகாணத்தில் அமைதல் வேண்டும். இயக்கப் பழகுதற்குக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாக மாணவர் உளர். இடம் தெரிதற்கு முதற்படியாக, ஒரு வறண்ட பருவம் முழுவதும் கந்தளாயில் மேகமற்ற இரவுகளை எண்ணிக் குறித்துவைக்குமாறு அவ்வளாகத்தாரை வேண்டுகின்றோம்.